அதிபர்களிடம் தோற்ற அமிர்தலிங்கம்

எங்கள் சுழிபுரம் விக்ரோறியாக் கல்லூரியில் படித்தவர்களில் நாடறிந்த பெயர் அ. அமிர்தலிங்கம்தான், அதில் யாருக்கும் சண்டை வராது. நினைவு மலர்களில் அவரைப் பற்றி எழுதுபவர்கள் 1977இல் எதிர்க்கட்சித் தலைவரானதையும் 1989இல் சுட்டுக் கொல்லப்பட்டதையும் எழுதிவிட்டு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அவர் தோற்ற தேர்தல்களில்தான் ருசி, ஏனென்றால் அவற்றில் பள்ளிக்கூடம் இருக்கிறது.

1952இல், 24 வயதில், வட்டுக்கோட்டையில் தமிழரசுக் கட்சிக்காக நின்றார். வென்றவர் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராக இருந்த வீரசிங்கம், யாழ்ப்பாணத்தில் மண்டபத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறாரே, அவரேதான். அதே தேர்தலில் காங்கேசன்துறையில் தமிழரசுக் கட்சியை நிறுவிய செல்வநாயகத்தைத் தோற்கடித்த நடேசனும் பரமேஸ்வராக் கல்லூரி அதிபர்! அப்புறம் 1956, 1960இல் இரண்டு தடவை, 1965 என்று தொடர்ந்து நாலு வெற்றி. 1956இல் தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்துக் கொழும்புக் காலிமுகத்திடலில் இருந்து அடிவாங்கி, தலையில் கட்டோடு பாராளுமன்றத்துக்குள் போன கதையை எங்கள் வாசிகசாலையில் கேட்டுக் கேட்டே வளர்ந்தோம்.

1970இல் எனக்கு வாக்கு இல்லை, வாய் மட்டும் இருந்தது. தமிழரசுக் கட்சியின் சின்னமான 'வீடு' தோற்கும் என்று பெடியள் யாரும் நினைக்கவில்லை. எதிரே தமிழ்க் காங்கிரசின் 'சைக்கிளில்' வந்தவர் காரைநகர் இந்துக் கல்லூரியில் நீண்டகாலம் அதிபராயிருந்த தியாகராசா. ஒரே வீட்டில் தகப்பனுக்கும் மகனுக்கும் படிப்பித்த மனுசன் வாசலில் வந்து நின்றால் எப்படி இல்லை என்பது? எங்கள் பெரியப்பா பரம்பரைத் தமிழரசுக்காரர், அவரே "அது கட்சி, இது வாத்தியார்" என்று சைக்கிளுக்குப் புள்ளடி போட்டுவிட்டு வந்தார். ஆயிரத்துக்கும் குறைந்த வாக்கில் அமிர் போனார். அந்த முறை நல்லூரில் நாகநாதன், யாழ்ப்பாணத்தில் ஜீ. ஜீ. பொன்னம்பலம், உடுப்பிட்டியில் சிவசிதம்பரம் எல்லோரும் தோற்றார்கள், ஆனாலும் எங்களுக்கு எங்கள் தொகுதிதான் வலித்தது.

தமிழ்க் காங்கிரசில் வென்ற தியாகராசா 1972இல், தமிழர் கட்சிகள் எதிர்த்த குடியரசு அரசியலமைப்புக்கு ஆதரவாகக் கை தூக்கியதும் பெரியப்பாவின் வாய் அடைத்துப்போனது. என்னைக் கேட்டால், அமிர்தலிங்கத்தை முழுத் தமிழருக்கும் தலைவராக்கியதே அந்தத் தோல்விதான். எம்.பி. வேலை இல்லாத மனிதர் ஊர் ஊராகக் கூட்டம் போட்டார், 1976 மே 14இல் தமிழீழத் தீர்மானம் நிறைவேறியதும் அவர் பிறந்த பண்ணாகத்தில்தான்.

1977இல் அவர் எங்களிடம் வரவில்லை. செல்வநாயகம் காலமானதும் காங்கேசன்துறையில் நின்று 31,155 வாக்குகள் எடுத்தார். வட்டுக்கோட்டையில் தமிழர் விடுதலைக் கூட்டணிக்காகத் திருநாவுக்கரசு நின்று வென்றார். சுதந்திரக் கட்சி 8 ஆசனத்துக்கு இறங்க, 18 ஆசனம் எடுத்த கூட்டணி பிரதான எதிர்க்கட்சியானது. சந்தோசம்தான், ஆனால் சொந்தத் தொகுதியில் ஒருமுறை நின்று கணக்குத் தீர்த்திருக்கலாம் என்று சுழிபுரத்தில் சிலர் முணுமுணுத்தோம்.

அந்தக் கணக்குத் தீராமலே போயிற்று. தியாகராசா 1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி வேட்பாளராக நின்றபோது சுடப்பட்டார். அமிர் 1989இல் மட்டக்களப்பில் நின்று தெரிவாகாமல் தேசியப் பட்டியலில் பாராளுமன்றம் போனார், ஐந்து மாதத்துக்குள் கொழும்பில் அவரையும் சுட்டார்கள்.