காலை ரயிலுக்கு என்ன உடுத்துவது?

புதிதாகச் சுடிதார், புடவை என்று வெளியே வரத் தொடங்கும் திருநங்கைத் தங்கச்சிகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அக்கா, யாரும் திரும்பிப் பார்க்காத மாதிரி எப்படிப் போறது?" நான் முதலில் சொல்வது, நீங்கள் போகப்போகிற இடத்தில் அந்த நேரத்துக்கு இருக்கிற பெண்களைப் பாருங்கள் என்பதுதான். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் காலை மின்சார ரயிலில் என்ன பார்ப்பீர்கள்? காட்டன் குர்தி, லெகிங்ஸ், ஈரம் காயாத தலைமுடியில் ஒரு கிளிப், சின்னப் பொட்டு, தோளில் சாப்பாட்டுப் பை. அவ்வளவுதான். கூவாகத்துக்குப் போகும்போது பட்டும் மல்லிகையும் கண் நிறைய மையுமாக ஜொலிக்கணும், அது நம்ம திருவிழா. அதே அலங்காரத்தோடு திங்கட்கிழமை காலை பேங்குக்குப் போனால் எந்தப் பெண்ணைத்தான் பார்க்க மாட்டார்கள்?

அப்புறம் ஜாக்கெட். இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள். நம்மில் பலருக்குத் தோள் அகலம், அதனால் ரெடிமேட் ஜாக்கெட் தோளில் இழுத்துப் பிடிக்கும், மார்பில் தொளதொளவென்று நிற்கும், புடவை எவ்வளவு அழகாக இருந்தாலும் அது காட்டிக் கொடுத்துவிடும். தைக்கக் கொடுங்கள். பஃப் கை வேண்டாம். முழங்கை வரைக்கும் கை, கொஞ்சம் இறங்கிய வி கழுத்து, இரண்டும் தோளை அடக்கிக் காட்டும். அளவெடுக்க டெய்லர் முகம் சுளித்தால் அங்கே நின்று மனதைப் புண்ணாக்கிக் கொள்ள வேண்டாம், நன்றாகப் பொருந்துகிற ஒன்றை அளவு ஜாக்கெட்டாகக் கொடுத்து வேறு கடையில் தைத்துக்கொள்ளலாம். முந்தானையைத் தோளில் பின் குத்திவிடுங்கள், வழியெல்லாம் இழுத்து இழுத்துச் சரிசெய்யும் கைதான் நாம் பதற்றமாக இருப்பதை ஊருக்குச் சொல்கிறது.

ஷேவ் செய்த இடத்தில் தெரியும் பச்சைச் சாயலுக்கு ஃபவுண்டேஷனை அப்பி அப்பிப் பூசுவதால் பயனில்லை, சென்னை வெயிலில் பஸ் ஸ்டாப் வருவதற்குள் வழிந்துவிடும். அந்த இடத்தில் மட்டும் ஆரஞ்சு நிற கரெக்டரை மெல்லிசாகத் தொட்டு, மேலே உங்கள் நிறத்திலேயே காம்பாக்ட். வெளுப்பான ஷேடு பூசினால் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறமாகத் தெரியும். மாநிறம் நமக்கு அழகுதானே! லேசர் செய்ய வசதி இருந்தால் செய்யலாம், ஆனால் ஒரே தடவையில் முடிகிற விஷயம் இல்லை, நரைத்த முடியில் அது வேலையும் செய்யாது.

குரலுக்காக வாயை மூடிக்கொண்டே இருக்காதீர்கள். கட்டைக் குரலில் பூ விற்கிற அக்காக்கள் எத்தனை பேர்! பதில் சொல்லத் தயங்கி நிற்கும்போதுதான் எதிரே இருப்பவர் நம்மை ஏற இறங்கப் பார்க்கிறார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கூட்டத்தில் கலந்து போவது வசதி, பல நேரம் பாதுகாப்பும்கூட, ஆனால் அது யாருக்கும் கடமை இல்லை. அவரவர் பாலின அடையாளத்தை அவரவரே முடிவு செய்யலாம், அதற்கு அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது என்று 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பார்த்தவுடன் தெரிகிற திருநங்கைக்கும் அந்த ரயிலில் அதே இடம் உண்டு. கேலி செய்பவனைத்தான் கேள்வி கேட்க வேண்டும், அவள் தாடையையோ உயரத்தையோ இல்லை.

2021 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களைப் போல நமக்கும் கட்டணமில்லை. கண்டக்டர் உங்களைப் பார்த்து மகளிர் டிக்கெட்டைக் கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள். "நான் திருநங்கை, திருநங்கை டிக்கெட்டே கொடுங்க" என்று கேட்கத் தோன்றினால் கேளுங்கள், பஸ்ஸே திரும்பிப் பார்த்தாலும் சரி.