நீலம் இல்லாத மழை

பாசிமணி கோத்து நகை செய்யும் எங்கள் பாசிக் குழுவுக்கும், கம்பியை வளைத்து நகை செய்யும் கம்பிக் குழுவுக்கும் ரொம்ப நாளாகவே ஒரு செல்லச் சண்டை உண்டு. அவர்களைப் பொறுத்தவரை நாங்கள் பொழுதன்னைக்கும் ஊசிக்காதில் நூல் கோத்துக்கொண்டே இருப்பவர்கள். எங்களைக் கேட்டால், அவர்கள் கம்பியை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு நகை என்று பெயர் வைப்பவர்கள். சரி, இதைப் போட்டியாகவே வைத்துப் பார்த்துவிடலாம் என்று முடிவானது. தலைப்பைச் சொல்லும் வாய்ப்பு எங்களுக்கு வந்தது: 'மழை'. அதற்குப் பதிலாக ஒரு தடை போடும் உரிமை அவர்களுக்கு. கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "நீலம் கூடாது" என்றார்கள்.

எங்கள் பக்கம் ஒரே முனகல். மழை என்றதுமே எல்லோர் கையும் மனசுக்குள் நீல டப்பாவைத் திறந்திருந்தது. நீலக் கண்ணாடிச் சொட்டு, நீலத் தொங்கல், நடுவில் ஒரு வெள்ளிக் குடை. இந்த மூன்றையும் வைத்து யார் வேண்டுமானாலும் ஒரே மாலையில் ஒரு ஜோடி ஜிமிக்கி செய்துவிடலாம். அது தெரிந்துதான் அவர்கள் அங்கேயே கை வைத்தார்கள்.

இன்னொரு விதியும் இருந்தது. அவர்கள் ஆளுக்கொரு செம்பு வளையத்தை எங்களுக்குத் தரவேண்டும். நாங்கள் ஆளுக்கொரு பெயோட் ஸ்டிச் (ஒரு பாசி விட்டு ஒரு பாசியாகக் கோத்துப் போகும் பின்னல்) பட்டையைப் பின்னி அவர்களுக்குத் தரவேண்டும். வந்த பொருளை வெட்டவும் கூடாது, மூடி மறைக்கவும் கூடாது. மதிப்பெண் மூன்று விஷயங்களுக்கு: தலைப்பு தெரிகிறதா, வேலை சுத்தமா, போட்டுக்கொண்டு நடமாட முடிகிறதா. ஒரு குழு இன்னொரு குழுவுக்கு மட்டுமே மதிப்பெண் போடும். தன் குழுவுக்குக் கைதட்டலாம், அவ்வளவுதான்.

எனக்கு வந்த வளையம் கம்பிக் குழுவின் மூத்த அக்கா செய்தது. 1.2 மி.மீ. செம்புக் கம்பி, குறுக்களவு 5 செ.மீ., முனை இரண்டையும் பற்றவைத்து மூட்டே தெரியாமல் அராவியிருந்தார். பட்டடையில் வைத்து உருண்டைத்தலைச் சுத்தியலால் சுற்றிலும் தட்டியிருந்ததால் கம்பி லேசாகத் தட்டையாகி, மேலெல்லாம் சின்னச் சின்னக் குழி. வெளிச்சத்தில் திருப்பினால் ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒரு பொட்டு மின்னும். செம்பைத் தட்டத் தட்ட அது இறுகும் என்று படித்திருக்கிறேன்; கையில் பிடித்து அழுத்திப் பார்த்தபோதுதான் எவ்வளவு என்று புரிந்தது. அதே கம்பியைத் தட்டாமல் வளைத்தால் விரலுக்கே வளைந்துகொடுக்கும், இது விறைப்பாக நின்றது. மறுபடி இளக்க வேண்டுமென்றால் மங்கலான சிவப்பு வரும்வரை சூடு காட்டவேண்டும். எனக்கு அந்த விறைப்புதான் வேண்டியிருந்தது, அதனால் அடுப்புப் பக்கமே போகவில்லை.

நீலம் போனபிறகு மிச்சம் என்ன? சாம்பல், பச்சை, பழுப்பு, மின்னலுக்குத் தங்கம். எங்கள் குழுவில் பாதிப் பேர் சாம்பல் பக்கம் போனார்கள். நான் பழுப்பை எடுத்தேன், காரணம் மண். முதல் தூறல் விழும்போது காய்ந்த தரையில் தனித்தனிப் புள்ளியாகக் கருக்கும். அப்புறம் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, கடைசியில் தரை முழுக்க ஒரே கரும்பழுப்பாகப் பளபளக்கும். மண்ணின் நிறம் மாறவில்லை, ஈரம்தான் அதை இருட்டாகக் காட்டுகிறது. மேலே படிந்த தண்ணீர்ப் படலத்துக்குள் வெளிச்சத்தில் ஒரு பங்கு சிக்கி, திரும்பத் திரும்ப மண்ணிலேயே பட்டு உறிஞ்சப்படுவதால் நம் கண்ணுக்குக் குறைவாகவே வந்து சேர்கிறது.

இதைப் பாசியில் காட்ட வேறு வேறு நிறம் தேவையில்லை. ஒரே பழுப்பில் மேட், அதாவது மினுக்கமில்லாதது ஒன்று, பளபளப்பு ஒன்று இருந்தால் போதும். மேட் பாசியின் மேற்பரப்பு நுண்ணிய சொரசொரப்பாக இருப்பதால் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறி, நிறம் வெளுத்துத் தெரியும். பளபளப்பான பாசி ஒரு புள்ளியில் மட்டும் மின்னிவிட்டு மீதி இடமெல்லாம் ஆழமாகத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கொட்டிப் பார்த்தேன். காய்ந்த மண், நனைந்த மண். இந்தப் போட்டியில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அதுதான், மீதியெல்லாம் உழைப்பு. நீலம் கையில் இருந்திருந்தால் மேட் டப்பாவைத் திறந்தே பார்த்திருக்கமாட்டேன்.

கழுத்து டாலர் செய்வதாக முடிவு. காகிதத்தில் வரைந்த முதல் வடிவம் இப்படி: வளையத்தின் கீழ்ப்பாதியில் வெளிப்பக்கமாக மண் பட்டை, அதிலிருந்து கீழே மழைத் தொங்கல். குழுவில் காட்டியதும் ஒரு தங்கச்சி கேட்டாள்: "மண்ணுக்கு அடியிலயா அக்கா மழை பெய்யுது?" அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. தொங்கலை வளையத்துக்கு உள்ளே, மேல் வளைவிலிருந்து இறங்குவதாக மாற்றினேன். வளையத்தின் உள்வெளி வானம், கீழ்ப்பாதி தரை. வடிவமும் கச்சிதமானது.

அடுத்த கேள்வி, செம்பைக் கறுக்க வைக்கலாமா என்பது. மழைக்குப் புதுச் செம்பின் ஆரஞ்சு மினுமினுப்பு ஒட்டவில்லை. ஆனால் கறுக்க வைப்பது மறைப்பதில் சேருமா? இதை வைத்து இரண்டு குழுவும் நன்றாக வாதாடின. கடைசியில் வளையம் கொடுத்த அக்காவே தீர்ப்புச் சொன்னார்: "கறுக்கட்டும்மா. ஆனா நான் தட்டின தடம் தெரியணும்."

மருந்து எதுவும் வாங்காமல் முட்டை முறையில் செய்தேன். நன்றாக வெந்த முட்டையை ஓடு நீக்கி, மஞ்சள் கரு வெளியே வரும்படி மசித்து, சூடு ஆறுவதற்குள் மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு, வளையத்தை முட்டையில் படாமல் ஒரு சின்னக் கிண்ணத்தின் மேல் வைத்து மூடிவிட வேண்டும். முட்டையிலிருந்து வரும் கந்தக வாயு செம்போடு சேர்ந்து முதலில் பொன்பழுப்பு, பிறகு அடர்பழுப்பு, கடைசியில் கறுப்பு என்று படியும். வளையத்தை முன்னாலேயே சோப்புப் போட்டுக் கழுவி, விரல் படாமல் எடுக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் இடத்தில் நிறம் பிடிக்காது. அடர்பழுப்பு வந்ததும் வெளியே எடுத்துவிட்டேன். டப்பாவைத் திறந்தபோது வந்த வாசனை, மண் வாசனைக்கு நேர் எதிர். அப்புறம் மெல்லிய கம்பி நாரால் மேலாகத் தேய்த்ததும் மேடான இடங்களில் செம்பு நிறம் திரும்பி வந்தது, குழிக்குள் கறுப்பு தங்கிவிட்டது. அக்கா தட்டிய தடம் முன்பைவிட இப்போதுதான் எடுப்பாகத் தெரிந்தது.

இந்த வேலையைப் பாசி கோப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். உள்ளே வெள்ளிப் பூச்சு உள்ள பாசி அந்த வாயுவில் மங்கிப்போகலாம். கடைசியாக மெழுகு பூசித் துடைத்தேன், நிறம் சீக்கிரம் தேயாமல் இருக்கவும், வேர்வை பட்டுத் தோலில் பச்சைக் கறை விழாமல் இருக்கவும்.

பாசி 11ஆம் நம்பர். இதில் நம்பர் கூடக்கூடப் பாசி சின்னதாகும்: 8 என்றால் ஏறக்குறைய 3 மி.மீ., 11 என்றால் 2 மி.மீ.யை ஒட்டி, 15 என்றால் 1.5 மி.மீ. கோப்பதற்கு பிரிக் ஸ்டிச், செங்கல் சுவர்போல வரிசை வரிசையாக அடுக்கும் பின்னல். நூல் கம்பியைச் சுற்றி வந்து அதே பாசிக்குள் மேலேறும், பாசி கம்பியின் மேல் நின்றுகொள்ளும். உருண்டைக் கம்பியாக இருந்தால் முதல் வரிசை முழுவதும் கம்பியைச் சுற்றிச் சுழன்றுகொண்டே இருக்கும். இங்கே தட்டையாக இருந்ததால் பாசி அசையாமல் உட்கார்ந்தது. கம்பிக் குழுவுக்கு நான் மனதாரச் சொன்ன முதல் நன்றி அதற்குத்தான். ஆனால் தட்டிய கம்பிக்கு ஓரம் கூர்மை. நூலை இழுத்து உரசிப் பார்த்தால் பஞ்சு பஞ்சாகப் பிரிந்தது. ஓரம் முழுக்க 400 நம்பர் உப்புத்தாள், பிறகு 600. கட்டைவிரல் நகத்தை ஓட்டினால் எங்கேயும் தடுக்காத அளவுக்கு வந்தபிறகுதான் ஊசியைத் தொட்டேன்.

கணக்கு கொஞ்சம் போடவேண்டியிருந்தது. 5 செ.மீ. வட்டத்தின் சுற்றளவு 157 மி.மீ.; பாதிக்கு 78 மி.மீ., அதில் 37 பாசி உட்காரும். வெளிப்பக்கமாக ஒரு வரிசை ஏறினால், பாசியின் உயரம் 1.4 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், முழு வட்டத்தின் சுற்றளவு 9 மி.மீ. வரை கூடும். அதாவது முழு வட்டத்துக்கு வரிசைக்கு 4 பாசி, அரை வட்டத்துக்கு 2 பாசி கூட்டவேண்டும். கூட்டாமல் விட்டால் ஓரம் இழுபட்டுப் பட்டை கிண்ணம்போல் குவிந்துகொள்ளும். கூட்டுகிற இடம் ஒவ்வொரு வரிசையிலும் தள்ளித் தள்ளி வரவேண்டும். ஒரே இடத்தில் கூட்டிக்கொண்டே போனால் அங்கே ஒரு முனை துருத்தும்.

சிரமம் கணக்கில் இல்லை, சிதறலில் இருந்தது. முதல் வரிசை முழுக்க மேட், கடைசி வரிசை முழுக்கப் பளபளப்பு, நடுவில் தூறல் சிதறவேண்டும். கையால் தேர்ந்தெடுத்துக் கோத்தால் சிதறலே வராது. நம் கை தன்னையறியாமல் மூன்றுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று என்று கோலம் போட ஆரம்பித்துவிடும். அதனால் கலவை செய்துகொண்டேன். இரண்டாம் வரிசைக்கு 5 பங்கு மேட், 1 பங்கு பளபளப்பு. அடுத்ததற்கு 2க்கு 1. அதற்கடுத்து 1க்கு 2. ஒவ்வொன்றையும் தனித் தட்டில் குலுக்கிக் கொட்டி, ஊசி முனையில் எது வருகிறதோ அதையே கோப்பது என்று வைத்துக்கொண்டேன். நாலு பளபளப்பு வரிசையாக வந்தாலும் மாற்றக் கூடாது. மாற்றாமல் இருப்பதற்கு உண்மையிலேயே மனக்கட்டுப்பாடு வேண்டும். ஆனால் அப்படி நாலு சேர்ந்து வந்த இடம்தான் கடைசியில் அசல் தூறல்போலத் தெரிந்தது.

தொங்கலுக்குச் சாம்பல் நிறக் கண்ணாடிப் பாசி, நுனியில் ஒரு சொட்டு வடிவப் பாசி. கண்ணாடிப் பாசியில் நூலின் நிறமும் சேர்ந்தே தெரியும். வெள்ளை நூலில் ஒரு சரம், சாம்பல் நூலில் ஒரு சரம் கோத்துப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். வெள்ளையில் அது பளிச்சென்று வெறும் மணிச்சரம், சாம்பலில்தான் தண்ணீர். நூல் பாலிஎதிலீன் இழையாலான மீன்பிடி நூல் வகை, இழுத்தாலும் அவ்வளவாக நீளாது; நைலானாக இருந்தால் நாளாவட்டத்தில் தொங்கல் இறங்கிக்கொண்டே போகும். நுனியில் 15ஆம் நம்பர் பாசி ஒன்றைத் தடுப்பாக விட்டு, வந்த வழியே திரும்ப மேலேறவேண்டும். இங்கே நூலை இறுக்கிவிட்டால் தொங்கல் தொங்காது, பிரஷ் முடிபோல விறைத்து நிற்கும். பாதிப் பாசி அளவுக்கு இடைவெளி விட்டு முடிச்சுப் போட்டால்தான் ஆடும். நீளங்களை இடமிருந்து வலமாகச் சரிவாக வைத்தேன், காற்றோடு வரும் சாரல்போல.

மேல் வளைவில் தொங்கல்கள் இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு போகாமல் இருக்க, ஒவ்வொரு பக்கமும் 26 கேஜ் கம்பியை, அதாவது 0.4 மி.மீ., நெருக்கமாக ஐந்து சுற்றுச் சுற்றித் தடுப்பு வைத்தேன். பாசிக்காரி செய்த கம்பிவேலை. அக்கா கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "சுத்து நெருக்கமா இருக்கு, முனையை மட்டும் உள்ளே அமுக்கிவிடு, சேலையில மாட்டும்" என்றார். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

முடிந்த டாலர் மொத்தமும் 10 கிராமுக்குள் அடங்கிவிட்டது. 11ஆம் நம்பர் பாசி ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 110 நிற்கும் என்பதால் பட்டையின் எடை ஒன்றும் பெரிதில்லை. கறுப்புக் கயிற்றில் கோத்தேன், சங்கிலி அதன்மேல் சத்தம் போட்டுவிடும் என்று தோன்றியது.

சத்தம் என்றதும் கம்பிக் குழுவைச் சொல்லியாகவேண்டும். நாங்கள் கொடுத்த பெயோட் பட்டையை ஒருவர் ஜன்னலாக்கிவிட்டார்: செம்புச் சட்டத்துக்குள் பட்டை, மேலே குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கம்பி, அப்படியே மணிக்கட்டில் போடும் அகல வளையல். இன்னொருவர் பட்டையைக் குழலாகச் சுருட்டி, உள்ளே பொடி வளையங்களைப் போட்டு இரண்டு முனையையும் கம்பிச் சுருளால் மூடியிருந்தார். காதில் மாட்டித் தலையை ஆட்டினால் கூரையில் விழும் தூறல்போல ஒரு மெல்லிய சலசலப்பு. நீலம் கூடாது என்று சொன்னவர்கள் நிறத்தையே விட்டுவிட்டுக் காதைப் பிடித்திருக்கிறார்கள். எங்கள் குழுவில் ஒருவருக்குக்கூட ஒலி ஞாபகம் வரவில்லை. அதற்கு நான் முழு மதிப்பெண் போட்டேன். கொஞ்சம் பொறாமையோடுதான்.

என் டாலருக்கு வேலைச் சுத்தத்தில் நல்ல மதிப்பெண். போட்டுக்கொள்வதிலும் பரவாயில்லை; வேகமாகக் குனிந்து நிமிர்ந்தால் தொங்கலில் ஒன்று வளையத்துக்கு வெளியே வந்து விழுகிறது, அதற்காகக் குறைத்தார்கள், நியாயம்தான். தலைப்பில்தான் அடி. இரண்டு குழுவையும் சேராத ஒருவரிடம் தலைப்பைச் சொல்லாமல் காட்டி என்ன தோன்றுகிறது என்று கேட்பது வழக்கமாக வைத்திருந்தோம். என்னுடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "இப்பதான் உழுது போட்ட நிலம்" என்றார். மழை என்ற வார்த்தையே வரவில்லை. எங்கள் பக்கம் அது மழைக்கு அப்புறம் உழுத நிலம்தான் என்று வாதாடிப் பார்த்தோம், எடுபடவில்லை. தொங்கலை இன்னும் நெருக்கமாகக் கோத்திருந்தால் வானம் தெரிந்திருக்குமோ என்னவோ. மண்ணைத் தொடமாட்டேன், அது அப்படியே இருக்கட்டும்.

கூட்டிப் பார்த்ததில் கம்பிக் குழு கொஞ்சம் முன்னே. அடுத்த தலைப்பு அவர்களுடையது, 'இருட்டு' என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். தடை போடும் முறை இப்போது எங்களுக்கு. செம்பையே பறித்துவிடலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.