போலியோ சொட்டு மருந்தும் தாலிபான்கிட்ட பேசுற வேலையும்

போலியோ ஒழிப்பு வேலையில ரொம்ப வருஷம் இருந்தவன் நான். முதல்ல உத்தரப்பிரதேசத்துல மொராதாபாத் பக்கம், அப்புறம் தெற்கு ஆப்கானிஸ்தான்ல கந்தகார். வேலைக்குப் பேரு தகவல் தொடர்பு, ஆனா தினமும் செஞ்சது என்னன்னா, சொட்டு மருந்து டீம் ஒரு ஊருக்குள்ள போறதுக்கு முன்னாடி அங்க யார்கிட்ட பேசணும், என்ன கேக்கணும், என்ன வாக்கு குடுக்கலாம், எதைக் குடுக்கவே கூடாதுன்னு உக்காந்து பார்க்கிறது. லீவுக்கு ஊருக்கு வந்தா எல்லாரும் கேக்கிற கேள்வி ஒண்ணுதான், துப்பாக்கி வெச்சிருக்கிறவன்கிட்ட போய் பேசி என்னங்க ஆகப்போகுது, அவன் பரப்புற பொய்க்கு நீங்க என்ன பதில் சொல்லி ஜெயிக்கப்போறீங்கன்னு.

பேசினா நடக்கும்ங்கிறதுதான் என் அனுபவம். ஆனா நடக்கிறது ரொம்ப சின்ன விஷயம், அதையும் அவங்க நினைச்சா எந்த நாளும் திருப்பி வாங்கிக்கலாம், அந்த ரெண்டையும் ஏத்துக்கிட்டுத்தான் பேசப் போகணும். ஒருத்தரோட கொள்கையைப் பேசி மாத்தினதை நான் ஒரு தடவைகூட பார்த்ததில்ல. மூணு நாள் சண்டை வேண்டாம், டீம்ல உங்க ஊர் ஆளுங்களே இருக்கட்டும், அஞ்சு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைங்களுக்கு ரெண்டு சொட்டு போட்டுட்டு வந்துடறோம், இப்படிக் கேட்டு நடந்ததை நிறைய பார்த்திருக்கேன். இது எங்க கண்டுபிடிப்பும் கிடையாது, 1985ல எல் சால்வடார்ல உள்நாட்டுப் போர் உச்சத்துல இருந்தப்போ யுனிசெஃப் தலைவர் ஜேம்ஸ் கிராண்ட் அங்க இருந்த கத்தோலிக்க சர்ச் மூலமா அரசாங்கத்துகிட்டயும் கெரில்லாக்கள்கிட்டயும் பேசி, தடுப்பூசி போட மூணு நாள் ரெண்டு பக்கமும் சுடாம நிறுத்தி வெச்சாங்க. இலங்கையிலயும் 1990கள்ல போலியோ நாட்களுக்காக அரசாங்கமும் புலிகளும் அப்படி ஒத்துக்கிட்டிருக்காங்க. அதனால யாரும் சமாதானமாயிடல, போர் அது பாட்டுக்கு நடந்துச்சு, பிள்ளைங்களுக்கு மருந்து போய்ச் சேர்ந்துச்சு.

ஆப்கானிஸ்தான்லயும் இது ரொம்ப காலம் ஓடின ஏற்பாடுதான். 2007ல தாலிபான் தலைவர் முல்லா உமர் பேர்லயே போலியோ டீமுக்கு ஆதரவா ஒரு கடிதம் வந்துச்சு, செஞ்சிலுவைக்காரங்க நடுவுல இருந்து வாங்கிக் குடுத்தது. அப்பவும் தாலிபானுக்கு எங்கமேல சந்தேகம் போகல, ஆனா வழி விட்டாங்க. 2018 மே மாசம் தெற்குல வீடு வீடா போறதை நிறுத்திட்டாங்க. அதுக்கு அவங்க சொன்ன காரணம் மதமில்ல, உளவு. இதை இங்க நிறைய பேருக்குப் புரிய வைக்க முடியல, அவங்க மருந்து வேணாம்னு சொல்லல, வீட்டுக்கு வராதேன்னு சொன்னாங்க.

ஏன்னு புரியணும்னா எங்க வேலை எப்படி நடக்கும்னு பார்க்கணும். டீம் போறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பகுதிக்கும் கையால ஒரு மேப் போடுவோம், மசூதி எங்க, வாய்க்கால் எங்க, எத்தனை வீடு, எந்த வீட்டுல எத்தனை பிள்ளைங்க, எந்த வீடு மறுத்துச்சு, எந்த வீட்டுல விருந்தாளி வந்திருக்கு, எல்லாம் அதுல இருக்கும். மருந்து போட்டு முடிச்சதும் பிள்ளையோட சுண்டு விரல்ல மை, வீட்டுக் கதவுல சாக்பீஸ்ல ஒரு குறி. எங்களுக்கு அது விட்டுப்போன குழந்தையைக் கண்டுபிடிக்கிற வழி. ராத்திரி ரெய்டும் வான்வழித் தாக்குதலும் நடந்துக்கிட்டிருந்த ஊர்ல, வெளியாள் ஒருத்தன் கதவு கதவா எண்ணி எழுதிட்டு குறி போட்டுட்டுப் போறான்னா அது வேற கணக்கு.

அந்தத் தடைக்கு அப்புறம் ஒரு நாள் மாவட்டத்துலேர்ந்து ஒரு பெரியவர் கந்தகார் டவுனுக்கு வந்து எங்களைச் சந்திச்சாரு. அவர் தாலிபான் இல்ல, ஆனா அவங்க கமாண்டர்கிட்ட போய்ப் பேசக்கூடியவர், இந்த மாதிரி ஆட்கள் மூலமாத்தான் எல்லாமே நடக்கும். பச்சை டீ, கண்ணாடித் தட்டுல மிட்டாய், எங்க கூட வேலை பார்த்த கந்தகார்காரர் ஒருத்தர் மொழிபெயர்க்கிறாரு. நான் ஹாஜி சாஹிப்னு ஆரம்பிச்சு நோயைப் பத்தி, மருந்து பத்தி சொல்லிட்டு இருக்கேன், அவர் எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு, அதெல்லாம் எனக்குத் தெரியும், என் பேரனுக்கே போட்டிருக்கேன், நீங்க வரையிற மேப்பை உங்களைத் தவிர வேற யார் யார் பார்க்கிறாங்க, அதைச் சொல்லுங்கன்னாரு.

அதுக்கு அப்புறம் பேச்சு முழுக்க அதைப் பத்திதான். மேப் எங்க இருக்கும், வேலை முடிஞ்சா என்ன ஆகும், கதவுல குறி போடாம வேலை பார்க்க முடியுமா, ஸ்மார்ட்போன் இல்லாம சாதா போன் மட்டும் கொண்டுவர முடியுமா, சூப்பர்வைசர் வெளியூர் ஆளா உள்ளூர் ஆளா. சாக்பீஸ் குறியை நாங்க விட்டுக்குடுக்கலாம், விரல் மையை விட முடியாது, அது இல்லன்னா எந்தக் குழந்தைக்குப் போட்டோம்னே தெரியாது. டீம் ஆளுங்களை அவங்க தேர்ந்தெடுக்கிறதுல ஒரு அளவுக்கு மேல விடமுடியாது, ஏன்னா கமாண்டரோட மச்சானுக்கு சம்பளம் குடுக்கிற திட்டமா அது மாறிடும். இப்படி ஒண்ணொண்ணா. ராஜதந்திரம்னா பெரிய ஹால்ல கொடி வெச்சு கையெழுத்துப் போடறதுன்னு நினைச்சுக்கிறோம், எனக்குத் தெரிஞ்ச ராஜதந்திரம் சாக்பீஸையும் போனையும் பத்தினது.

இப்போ பிரச்சாரத்துக்கு வர்றேன், ஏன்னா எனக்கு மனசு ஆறாத இடம் இதுதான். சொட்டு மருந்துல கருத்தடை மருந்து கலந்திருக்குங்கிற வதந்தி மொராதாபாத்லயும் இருந்துச்சு, நைஜீரியாவோட கானோலயும் இருந்துச்சு, பாகிஸ்தான்லயும் இருந்துச்சு. பாகிஸ்தானோட சுவாத் பள்ளத்தாக்குல தாலிபான் ஆளு முல்லா ஃபஸ்லுல்லா 2006, 2007ல எஃப்எம் ரேடியோல இதைத்தான் பேசிட்டு இருந்தான். மக்கள் படிக்காதவங்க, அதனால நம்புறாங்கன்னு ஆபீஸ்ல இருக்கிறவங்க ஈஸியா சொல்லிடுவாங்க. ஆனா ஒவ்வொரு ஊர்லயும் வதந்திக்கு அடியில நிஜமாவே நடந்த ஒண்ணு கிடக்கு. உத்தரப்பிரதேசத்துல எமர்ஜென்சி காலத்துல ஆள் பிடிச்சு கருத்தடை ஆபரேஷன் பண்ணாங்க, அந்தக் காலத்து ஆளுங்க வீட்டுல உக்காந்துதான் எங்க டீமைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. கானோல 1996ல மூளைக்காய்ச்சல் பரவினப்போ ஃபைசர் கம்பெனி பிள்ளைங்ககிட்ட ஒரு புது மருந்தை சோதிச்சுப் பார்த்து, கேஸ் வருஷக்கணக்கா நடந்து 2009ல கானோ மாநிலத்தோட நஷ்டஈட்டுக்கு ஒத்துக்கிட்டாங்க. பாகிஸ்தான்ல 2011ல பின் லேடனைத் தேடுறதுக்காக சிஐஏ ஒரு டாக்டரை வெச்சு அபோட்டாபாத்ல போலியா ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி முகாம் நடத்துச்சு.

இந்தக் கடைசி விஷயத்தை நினைச்சா இன்னைக்கும் எனக்குக் கோபம் வருது. தடுப்பூசிக்காரங்க உளவாளிங்கன்னு தாலிபான் பல வருஷமா சொல்லிட்டு இருந்தாங்க, நாங்க இல்லவே இல்லன்னு சத்தியம் பண்ணிட்டு இருந்தோம், அதை உண்மையாக்கிக் குடுத்தது ஒரு அரசாங்கம். 2012 ஜூன்ல பாகிஸ்தானோட வடக்கு வசிரிஸ்தான்ல தாலிபான் கமாண்டர் ஹாஃபிஸ் குல் பகதூர், ட்ரோன் தாக்குதல் நிக்கிற வரைக்கும் சொட்டு மருந்து கிடையாதுன்னு அறிவிச்சான். தெற்கு வசிரிஸ்தான்லயும் இதே மாதிரி தடை, ரெண்டுலயும் சேர்த்து ரெண்டரை லட்சத்துக்கு மேல பிள்ளைங்க மருந்தே இல்லாம மாட்டிக்கிச்சுங்க. அந்த டிசம்பர்ல கராச்சிலயும் பெஷாவர் பக்கத்துலயும் சொட்டு மருந்து போடப்போன ஊழியர்களைச் சுட்டுக் கொன்னாங்க, நிறைய பேர் பொண்ணுங்க, தினக்கூலிக்கு வந்தவங்க. 2014ல பாகிஸ்தான்ல 306 பிள்ளைங்களுக்கு போலியோ. இனிமே தடுப்பூசித் திட்டத்தை உளவுக்குப் பயன்படுத்த மாட்டோம்னு வெள்ளை மாளிகை எழுத்துல குடுத்தது அந்த வருஷம் மே மாசம்தான், அமெரிக்காவோட பொது சுகாதாரக் கல்லூரி டீன்கள் கேட்டு எழுதி ஒரு வருஷத்துக்கு மேல கழிச்சு. அந்தக் காகிதத்தை அன்னைக்கு எந்த மலைக் கிராமத்துல கொண்டுபோய்க் காட்டறது.

அதனாலதான் எதிர்ப் பிரச்சாரம், வீடியோ, போஸ்டர், பிரபலங்களை வெச்சு விளம்பரம், இதுல எனக்குப் பெரிய நம்பிக்கை வந்ததில்ல. மேல் ஆபீஸுக்கு அது பிடிக்கும், காசு செலவழிச்சதுக்குக் கணக்கு காட்டலாம். வேலை செஞ்சது வேற. கானோல 2003ல மாநில அரசாங்கமே மருந்தை நிறுத்தினப்போ, மருந்து சுத்தமானதுன்னு எத்தனை லேப் ரிப்போர்ட் வந்தும் பிரச்சனை தீரல, கடைசியில முஸ்லிம் நாடான இந்தோனேசியாவுலேர்ந்து மருந்து வாங்கலாம்னு பேசி முடிச்ச பிறகுதான் 2004ல மறுபடி ஆரம்பிச்சாங்க. அதுக்குள்ள அந்த வைரஸ் ஆப்பிரிக்காவுல நாடு நாடா பரவி, 2005ல இந்தோனேசியா வரைக்கும் போய் பிள்ளைங்களை முடக்குச்சு. மொராதாபாத்ல மசூதி மைக்ல இமாம் சொன்னதும், அலிகார், ஜாமியா பல்கலைக்கழகங்கள்லேர்ந்து வந்த டாக்டர்கள் வீட்டுத் திண்ணையில உக்காந்து கேள்விக்குப் பதில் சொன்னதும்தான் கதவைத் திறந்துச்சு. அங்க ஒரு அம்மா கேட்டது நியாயமான கேள்வி, பையனுக்கு காய்ச்சல்னா மாத்திரை குடுக்க ஆள் வர்றதில்ல, குடிக்கத் தண்ணி இல்ல, இந்த ரெண்டு சொட்டை மட்டும் மாசா மாசம் வீடு தேடி வந்து குடுக்கிறீங்களே அண்ணா, ஏன்னு. இதுக்கு போஸ்டர்ல பதில் கிடையாது. முகாம்ல மத்த தடுப்பூசி, ஓஆர்எஸ் பாக்கெட், சோப்பு, டாக்டர் எல்லாம் சேர்த்து வெச்ச பிறகு மறுப்பு குறைஞ்சதை நான் பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன். இந்தியாவுல கடைசி கேஸ் 2011 ஜனவரி 13, ஹௌரா.

தாலிபான் இயக்கத்துக்குப் பக்கத்துல இருக்கிற மதகுருக்கள்கிட்ட போறதைப் பத்தி எங்களுக்குள்ளயே சண்டை நடந்திருக்கு. தாலிபானோட தந்தைன்னு சொல்லப்பட்ட பாகிஸ்தான் மதகுரு மௌலானா சமி உல் ஹக் 2013 டிசம்பர்ல சொட்டு மருந்துக்கு ஆதரவா ஃபத்வா, அதாவது எழுத்துல மார்க்கத் தீர்ப்பு, குடுத்தாரு. அவர்கிட்டப் போய் நிக்கிறது அவருக்கு மரியாதை குடுத்த மாதிரி ஆகாதான்னு கூட வேலை பார்த்த ஒரு அக்கா கேட்டாங்க. ஆகும்தான். அந்த விலையைக் குடுக்கலாம்னுதான் நான் அன்னைக்கும் சொன்னேன், இன்னைக்கும் சொல்றேன், ஏன்னா அந்தக் காகிதத்தைக் கையில வெச்சிருக்கிற டீம் ஆளு ஒரு செக்போஸ்ட்ல உயிரோட தாண்டிப் போக முடியும்.

பேச முடியாத இடமும் இருக்கு, அதை மறைக்க விரும்பல. நைஜீரியாவோட போர்னோ மாநிலத்துல போகோ ஹராம்ங்கிற ஆயுதக் குழு பிடியில இருந்த கிராமங்கள்ல எந்தப் பெரியவரும் நடுவுல நிக்கல, நின்னவரை உயிரோட விடல. 2016ல அங்க மறுபடி போலியோ தெரியவந்தப்போ, தப்பிச்சு வெளிய வர்ற பிள்ளைங்களுக்கு சந்தையிலயும் முகாம்லயும் பாதையிலயும் நின்னு போட்டாங்க, சில இடத்துக்கு ராணுவத்தோடதான் போக முடிஞ்சுது. எனக்குத் தெரிஞ்ச வித்தியாசம் இதுதான், ஒரு குழு ஊர்க்காரங்களோட சம்மதம் வேணும்னு நினைக்குதா இல்லையா. குழந்தை காலு விளங்காம போச்சுன்னா தகப்பன் தன்கிட்ட வந்து கேப்பான்னு ஒரு கமாண்டருக்குப் பயம் இருந்தா பேச இடமிருக்கு. அந்தப் பயம் இல்லாதவன்கிட்ட என்ன குடுத்தாலும் நடக்காது.

தாலிபானே ஆட்சிக்கு வந்த பிறகு 2021 நவம்பர்ல மூணு வருஷத்துக்கு மேல கழிச்சு நாடு முழுக்க மறுபடி வேலை தொடங்குச்சு, இதுக்குப் பின்னாடி வருஷக்கணக்கா பேசின பேச்சு இருக்கு. 2020ல ஆப்கானிஸ்தான்ல 56 கேஸ், 2022ல 2. அதே 2022 பிப்ரவரியில குந்தூஸ்லயும் தகார்லயும் ஒரே நாள்ல எட்டு ஊழியர்களைச் சுட்டுக் கொன்னாங்க, மேல இருக்கிறவங்க ஒத்துக்கிட்டா கீழ எல்லாம் பத்திரம்னு நினைக்கிறவங்க அந்த நாளை மறக்கக்கூடாது. 2024 செப்டம்பர்ல முகாமை நிறுத்திட்டாங்கன்னு ஐநா சொல்லுச்சு, திரும்ப ஆரம்பிச்சப்போ நிறைய இடத்துல வீட்டுக்கு வராதீங்க, மசூதிக்குக் கொண்டு வரச் சொல்லுங்கன்னு. அந்த வருஷம் 25 கேஸ்.

மசூதிக்கு வர்றது நடக்கத் தெரிஞ்ச பையன், அப்பா கையைப் பிடிச்சுட்டு வருவான். பொறந்து பத்து நாள் ஆன குழந்தை வராது, பிரசவமான அம்மா நாப்பது நாள் வெளிய வர மாட்டாங்க, வீட்டுக்குள்ள போறதுக்குப் பொம்பளை ஆளு வேணும், அந்தப் பொம்பளை ஆளைத்தான் அங்க வேலைக்கு விட மாட்டேங்கிறாங்க. நான் இப்போ அந்த மேஜையில உக்காந்திருந்தா வீடு வீடா போறதை முதல்ல கேக்க மாட்டேன். ஒவ்வொரு மொஹல்லாவுக்கும், அதாவது குடியிருப்புப் பகுதிக்கும், அந்த மொஹல்லாவுலயே இருக்கிற ஒரு வயசான அம்மா, கூட அவங்க பையனோ புருஷனோ, கையில மருந்துப் பெட்டி, மேப் கிடையாது, போன் கிடையாது, அதை மட்டும் கேப்பேன்.