18-க்கு அப்புறம் எத்தனை?

சூரிச் ஏர்போர்ட்டில் நான் இறங்கியது பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில். பெர்ன் நகரில் இருக்கும் மச்சினன், "நானே வந்து கூட்டிட்டுப் போறேன் அத்தான்" என்று எவ்வளவோ சொன்னான். "எழும்பூர், சென்ட்ரல், தாம்பரம் மூணையும் பார்த்தவன்டா நான். நீ பெர்ன் ஸ்டேஷன்ல நின்னா போதும்" என்று அளந்துவிட்டேன்.

ஏர்போர்ட்டுக்கு அடியிலேயே ரயில் நிலையம். வந்து நின்ற வண்டியின் பலகையில் நாலைந்து ஊர்ப் பெயர்கள். அதில் 'சூரிச் ஹெச்பி' என்று கண்ணில் பட்டதுமே ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஹெச்பி என்றால் ஹௌப்ட்பான்ஹோஃப், ஊரின் தலைமை ரயில் நிலையம். அங்கே இறங்கி வண்டி மாறவேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானாக எடுத்த முடிவு.

பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் இறங்கினால், பிளாட்பாரம் பூமிக்கு அடியில். புழுக்கமாக இருந்தது. மனைவி பின்னிக் கொடுத்த காபிப்பொடி நிறக் குரங்குக் குல்லாவைக் கழற்றினேன், பெட்டியின் கைப்பிடியை இழுத்தேன், எஸ்கலேட்டரைத் தேடினேன். நின்ற பிளாட்பாரத்தின் எண்ணைப் பார்க்கத் தோன்றவில்லை. சென்னைக்காரனுக்கு ஒரு கணக்கு உண்டு: அடியில் ஓடினால் மெட்ரோ, வெளியூர் வண்டி மேலே. சென்ட்ரலில் அப்படித்தானே?

மேலே வரும் வழியெல்லாம் கடைகள். ஞாயிற்றுக்கிழமை ஊரில் பெரும்பாலான கடைகளுக்குப் பூட்டு, ஸ்டேஷன் கடைகள் மட்டும் திறந்திருக்கும் என்பதால் பாலும் ரொட்டியும் வாங்க அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். டிக்கெட் கேட்டு மறிக்கும் கேட் எதுவும் இல்லை. எங்கே ஸ்டேஷன் முடிகிறது, எங்கே கடைத்தெரு ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. ஒரே பேக்கரியை இரண்டு தடவை கடந்தேன். மூன்றாவது தடவை அந்தப் பெண் சிரித்தாள்.

ஒருவழியாகப் பெரிய கூடத்துக்கு வந்து சேர்ந்தேன். 1871-இல் கட்டியது. ஒரு கிரிக்கெட் மேட்சே ஆடலாம். நீலப் பலகையில் பெர்ன் இருந்தது. பக்கத்தில் கிளைஸ் 32. கிளைஸ் என்றால் தண்டவாளம் என்று படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். சரி, எண்ணிக்கொண்டே போனால் 32 வந்துதானே ஆகவேண்டும்?

வரிசை 3-இல் ஆரம்பித்தது. 1, 2 எங்கே போயின என்று யோசிக்க நேரமில்லை. பெட்டி கடகடவென்று பின்னால் வர, 4, 5, 6 என்று நடந்தேன். 18 வந்தது. அப்புறம் சுவர்.

திரும்ப 3 வரை நடந்தேன். நடுவில் எங்காவது ஒளித்து வைத்திருக்கலாம் அல்லவா?

நின்று மூச்சு வாங்கியபோது அண்ணாந்து பார்த்தேன். தலைக்கு மேல் ஒரு பெண் பறந்துகொண்டிருந்தாள். நீல உடம்பு, பளபளவென்று தங்க இறக்கை, பூப்போட்ட நீச்சல் உடை, கொழுக்மொழுக்கென்று நம் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி விசாரிக்கும் பெரியம்மா மாதிரி. நிக்கி டி செயின்ட் ஃபால் என்ற கலைஞர் செய்த காவல் தேவதையாம். சுவிஸ் ரயிலுக்கு 150 வயதான 1997-இல் தொங்கவிட்டார்கள். ஒரு டன்னுக்கு மேல் எடை. பயணிகளைக் காப்பதுதான் அவள் வேலை. என்னை அவள் கவனித்த மாதிரி தெரியவில்லை.

கடிகாரத்தைப் பார்த்தேன். சிவப்பு செகண்ட் முள் சுற்றி வந்து 12-இல் நின்றுவிட்டது. சுவிஸ் கடிகாரமே நின்றுபோய்விட்டது என்று எனக்கு உள்ளூர ஓர் ஆறுதல். ஒன்றரை நொடியில் அது மறுபடி கிளம்பிவிட்டது. அந்த முள் 58.5 நொடியிலேயே ஒரு சுற்றை முடித்துவிட்டு, தலைமைக் கடிகாரத்தின் சிக்னலுக்காகக் காத்து நிற்குமாம். ஒவ்வொரு நிமிடமும் இதே கதைதான். மச்சினன் அப்புறம் சொன்னான்.

அந்தக் கூடத்தில் குளிர்காற்று தாராளமாக வீசியது. காதைத் தொட்டேன். குல்லா இல்லை. கோட்டுப் பையில் இல்லை, பெட்டியின் வெளிப்பையிலும் இல்லை. 32-உம் போயிற்று, குல்லாவும் போயிற்று. பெர்ன் போய்ச் சேராவிட்டால் மச்சினனுக்கு மட்டும்தான் பதில் சொல்லவேண்டும். குல்லாவைத் தொலைத்தால் அவன் அக்காவுக்கு.

"பதினாறு, பதினேழு, பதினெட்டு... அப்புறம் எத்தனைடா?" என்று வாய்விட்டே புலம்பியிருக்கிறேன் போல.

"தம்பி, என்ன தேடுறியள்?"

கையில் பால் பாக்கெட்டோடு ஒரு பெரியவர். யாழ்ப்பாணத்துக்காரர். சொன்னேன்.

"கிளைஸ் 32-ஓ? அது கீழை. இஞ்சை 18-ஓட சரி. 19, 20 எண்டு ஒண்டும் இல்லை. 21, 22 வேறை இடம், மலைக்குப் போற ரெயின். 31-இல இருந்து 34 ஒரு பக்கம், 41-இல இருந்து 44 மற்றப் பக்கம், எல்லாம் நிலத்துக்குக் கீழைதான்."

"ஏன் ஐயா இப்படி எண் போட்டாங்க?"

"நான் வந்த நேரம் மேலை இருக்கிற கிளைஸ்தான் தம்பி. 41 வந்தது 90-இல. 31 வந்தது 2014-இல. அவங்கள் தோண்டத் தோண்டப் புது நம்பர் வரும்."

வழி சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். என் முகத்தைப் பார்த்து நம்பிக்கை வரவில்லையோ என்னவோ, கூடவே இறங்கினார். எஸ்கலேட்டர், கடைகள், மறுபடி எஸ்கலேட்டர். பேக்கரிப் பெண் நாலாவது தடவை என்னைப் பார்த்தாள். "இப்ப உங்கட தலைக்கு மேலை ஆறு ஓடுது, தெரியுமோ? சீல் ஆறு" என்றார் பெரியவர். அண்ணாந்து பார்த்தேன். விளக்குதான் தெரிந்தது.

பிளாட்பாரத்தில் கால் வைத்ததும் ஏதோ முன்ஜென்ம ஞாபகம். அந்தப் புழுக்கம். அந்த எஸ்கலேட்டர். அதன் பக்கத்து பெஞ்சில், யாரோ அக்கறையாக இரண்டாக மடித்து வைத்துவிட்டுப் போயிருந்த காபிப்பொடி நிறக் குல்லா.

"உங்கடையோ?" என்றார்.

"ஆமாம்" என்றேன். வேறென்ன சொல்வது? பெர்னுக்கு அரை மணிக்கொரு வண்டி என்பதால் பிழைத்தேன்.

ஒரு மணி நேரத்துக்குள் பெர்ன். மச்சினன் பெட்டியை வாங்கிக்கொண்டான். "ஏர்போர்ட்ல எத்தனை மணி வண்டில ஏறுனீங்க?" என்று கேட்டு, போனில் எதையோ தட்டிப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

"அத்தான், அது பெர்ன் வழியா ஜெனீவா போற வண்டி. நீங்க இறங்காம உக்காந்திருந்தாலே இங்க வந்திருப்பீங்களே?"

குல்லாவைக் காதுக்குக் கீழே வரை இழுத்துவிட்டுக்கொண்டு, "வெளியே குளிரு ஜாஸ்தியோ?" என்றேன்.