பீர் கேட்டார், கட்டடம் வந்தது

இன்று பார்த்த ஒரு காணொளியில் ஓர் ஆங்கிலேயர் டோக்கியோவில் பீர் கேட்கிறார். கடைக்காரருக்குப் புரியவில்லை.

ஜப்பானிய மொழியில் 'பீரு' என்றால் பீர். அவர் சொன்னது 'பிரு'. அது கட்டடம்.

இலக்கணம் சரி, நீளம் தவறு. ஆங்கிலம் ஓர் அசையை அழுத்தி மற்றவற்றை விழுங்கும். ஜப்பானியத்தில் ஒவ்வொரு மாத்திரைக்கும் ஏறத்தாழ ஒரே நேரம். குறில் ஒன்று, நெடில் இரண்டு. நமக்குப் பழகிய கணக்குதான். ஆனால் நமக்கு அரை மாத்திரையான மெய், அங்கே இரட்டிக்கும்போது முழு மாத்திரை வாங்கும். சொல்லிறுதி 'ன்' ஒலிக்கும் அப்படியே.

விரலால் மேசையில் தட்டிச் சொல்லிப் பார்க்க வேண்டும். நிப்பொன்: நி, ப், பொ, ன். நான்கு தட்டு. இரண்டாவது தட்டில் உதடு மூடியிருக்கும், சத்தமே வராது. அந்த மௌனத்தைத்தான் ஆங்கிலக்காரர்கள் அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

டோக்கியோவும் நான்கு: தொ, ஒ, க்யொ, ஒ.

பிறகு பத்து நொடி இயல்பான ஜப்பானிய உரையாடலை ஓடவிட்டு, அரை நொடி பின்னால் கூடவே பேசிப் பதிவு செய்யுங்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் எங்கே நீளம் குறைகிறது என்று காதே சொல்லும்.

ஆயிரம் சொற்களை மனப்பாடம் செய்யும் முன்பே இதைத் தொடங்குங்கள். பழகிப்போன தவறான தாளத்தைப் பின்னால் மாற்றுவது மிகவும் கடினம்.