கப்பல் விபத்து: விசாரணைச் சட்டத்தில் எதைத் திருத்த வேண்டும்?

கொட்டியாரக் குடாவில் இரவில் வலை போட்டிருக்கும் வள்ளத்தைச் சரக்குக் கப்பலொன்று இடித்துவிட்டுப் போகிறது என்று வையுங்கள். திருகோணமலையில் ஆட்கள் கரைக்கு ஓடுவார்கள், பொலிஸ் வரும். அதே நேரம் கப்பலுக்குள் சாட்சியம் அழியத் தொடங்கியிருக்கும்.

கப்பலின் பயணத் தரவுப் பதிவுக் கருவியில் பிரிட்ஜில் (கப்பலைச் செலுத்தும் அறையில்) பேசியது, வீ.எச்.எஃப் வானொலி உரையாடல், ராடார் படம், வேகம், சுக்கான் கட்டளை எல்லாம் இருக்கும். 2014 ஜூலைக்கு முன் பொருத்திய கருவிகள் கடைசி 12 மணி நேரப் பதிவை வைத்திருந்தாலே போதும். புதியவற்றில் உள் நினைவகத்தில் 30 நாள். பழைய கருவியில் சேமிப்புப் பொத்தானை யாராவது அமுக்காவிட்டால் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிக்கொண்டு போகும். 13 நொட் (மணிக்கு 13 கடல்மைல்) வேகத்தில் போகும் கப்பல் 12 மணி நேரத்தில் 156 கடல்மைல் தாண்டியிருக்கும். ஆகவே முதல் வேலை, கப்பலைக் கூப்பிட்டு "சேமியுங்கள்" என்று கட்டளையிடுவது. அடுத்தது, வள்ளத்தில் ஒட்டிய பெயின்டையும் கப்பல் முகப்பின் பெயின்டையும் தனித்தனிப் பையில் எடுப்பது. கருவி உலக நேரத்தில் பதியும், இயந்திர அறை அலாரம் கப்பல் நேரத்தில் அச்சடிக்கும். எந்தக் கடிகாரம் எவ்வளவு பிந்துகிறது என்று அன்றே எழுதி வைக்காவிட்டால், பிறகு எது முந்தி நடந்தது என்பதிலேயே வழக்காடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

திருத்த வேண்டியது இலங்கையின் வணிகக் கப்பற்றொழில் சட்டத்தை; அது 1971இல் வந்தது. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் விபத்து விசாரணைக் கோவை (விதித்தொகுப்பு) 2008இல் ஏற்கப்பட்டு 2010 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. ஏன் நடந்தது என்று தேடும் விசாரணை, யாரைத் தண்டிப்பது என்று தேடும் விசாரணையோடு கலக்கக் கூடாது என்பதே அதன் உயிர்நாடி. கப்பல் முழுதாக அழிந்தாலோ, உயிர் போனாலோ, சுற்றாடல் கடுமையாகக் கெட்டாலோ கொடி நாடு, அதாவது கப்பல் பதிவான நாடு, விசாரித்தே ஆக வேண்டும்.

2020 செப்டெம்பரில் சங்கமன்கண்டிக்கு அப்பால் எரிந்த நியூ டயமண்ட் பனாமாக் கொடிக் கப்பல். அது நம் 12 கடல்மைல் கடல் எல்லைக்கு வெளியே நின்றது. 2021 மேயில் கொழும்புக்கு அருகே எரிந்த எக்ஸ்-பிரஸ் பேர்ல் சிங்கப்பூர்க் கொடி. அது எல்லைக்குள்ளேயே நங்கூரமிட்டிருந்தது. எல்லைக்குள் நடந்தால் கொடி நாடும் கரை நாடும் பேசி, எது விசாரணையை நடத்துவதென்று முடிவெடுக்க வேண்டும். நம் பக்கம் அந்த மேசையில் உட்காருவது யார் என்பதைச் சட்டத்திலேயே எழுதிவிடுவது நல்லது. தீ அணைந்த பிறகு அமைச்சுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

கஷ்டமான வாசகம் வாக்குமூலம் பற்றியது. பேர்ல் கப்டன் கைதானார். குற்றவியல் வழக்கு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஏன் நடந்தது என்று தேடும் பாதுகாப்பு விசாரணையாளரிடம் மாலுமி சொன்னது அப்படியே பொலிஸ் கோப்புக்குள் போகுமென்றால் அடுத்த மாலுமி வாய் திறக்க மாட்டான். விசாரணையின் தன்மையை முன்கூட்டியே சொல்வது, சட்ட ஆலோசனைக்கு இடம் கொடுப்பது, கேட்டு முடிந்ததும் ஊருக்கு அனுப்புவது என்று கோவை கேட்பதெல்லாம் சட்டப் பிரிவுகளாக வர வேண்டும். சுற்றறிக்கையாக வந்தால் நீதிமன்றத்தில் நிற்காது.

இன்னொன்று: 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பயணிகளை ஏற்றிச் சென்ற இழுவைப் படகு கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் இறந்தார்கள். களப்பில் ஓடும் படகு சர்வதேசக் கோவைக்குள் வராது. திருத்தத்தின் வரைவிலக்கணப் பிரிவில் "பயணிகளை ஏற்றும் எந்த உள்நாட்டுக் கலமும்" என்று சேர்த்தால் அந்த ஓட்டை அடைபடும். கூடவே, விசாரணையாளர் அளந்து முடிக்கும் வரை கவிழ்ந்த படகை யாரும் கழற்றக் கூடாதென்ற தடையும் வேண்டும். படகின் உடற்பகுதியும் மிதவையும் கைவசம் இல்லாமல், எத்தனை பேர் ஏறினால் அது சாயும் என்று கணக்குப் போட முடியாது.