சாவிக்கொத்து முதலில், பயிற்சி அப்புறமா?

சிறை வேலைக்கு ஆள் சேர்க்கும் பல இடங்களில் நடப்பது இதுதான். ஆள் பற்றாக்குறை, ஏற்கெனவே இருப்பவர்களில் பாதிப் பேர் இரட்டை ஷிப்ட் பார்த்துச் சோர்ந்து கிடக்கிறார்கள், அதனால் புதிதாக வந்தவரை முதல் வாரமே ஒரு பிளாக்கில் நிறுத்திவிட்டு, பயிற்சியை அடுத்த பேட்ச் ஆரம்பிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். நான் முதலுதவி வகுப்பு எடுப்பவன், சிறை ஊழியர்களுக்கும் எடுத்திருக்கிறேன். மாதக்கணக்கில் இரவுப் பணி பார்த்துவிட்டு அதற்கப்புறம் அறிமுகப் பயிற்சிக்கு வந்து உட்காருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு எதை அறிமுகப்படுத்துவது?

விதி இல்லாமல் இல்லை. சிறைவாசிகளை நடத்துவதற்கான ஐ.நா.வின் குறைந்தபட்ச விதிகள் 1955இல் வந்தவை. 2015இல் திருத்தப்பட்டு மண்டேலா விதிகள் என்று பெயர் பெற்றன. அதில் 75வது விதி சுற்றிவளைக்காமல் சொல்கிறது: பணியில் இறங்கும் முன்பே பயிற்சி கொடுக்க வேண்டும், எழுத்திலும் செய்முறையிலும் தேறியவர்களை மட்டுமே சேர்க்க வேண்டும், பணிக்காலம் முழுக்கப் பயிற்சி தொடர வேண்டும். என்ன கற்றுத்தர வேண்டும் என்பது 76வது விதியில் இருக்கிறது. சட்டம், ஊழியரின் உரிமையும் கடமையும், சித்திரவதைத் தடை, பலப்பிரயோகம், பேசியே பதற்றத்தைத் தணிப்பது, முதலுதவி, மனநலச் சிக்கலை ஆரம்பத்திலேயே கண்டுகொள்வது. நார்வேயில் சிறை அதிகாரியாக வேண்டுமென்றால் இரண்டு வருடம் படிக்க வேண்டும், அதுவும் சம்பளத்தோடு. எல்லா நாட்டுக்கும் அது கட்டுப்படியாகாது, சரி. சாவி கைக்கு வருவதற்கு முன் சில வாரமாவது கொடுக்கக்கூடாதா?

கொடுக்கிற இடங்களிலும் பாதி நேரம் அது கையெழுத்து வாங்கும் சடங்காகப் போய்விடுகிறது. தலையணை கனத்துக்கு ஒரு கோப்பு, கடைசிப் பக்கத்தில் 'படித்தேன், புரிந்துகொண்டேன்' என்று ஒரு வரி, கீழே கையெழுத்து. நாளை ஏதாவது விபரீதம் நடந்தால் நிர்வாகம் முதலில் தேடி எடுக்கப்போவது அந்தத் தாளைத்தான், அவருக்கு விஷயம் தெரியுமா என்பதை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள்.

ராத்திரி அறை அறையாகப் போய்க் கைதிகளை எண்ணுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் பார்த்தால் இதைவிட எளிய வேலை கிடையாது. ஆனால் போர்வைக்குள் ஒரு உருவம் தெரிந்தால் அதை ஒரு ஆளாக எண்ணக்கூடாது; தோல் கண்ணில் பட வேண்டும், மூச்சு ஏறி இறங்குவது தெரிய வேண்டும். தெரியவில்லையா, எழுப்பு. தூக்கத்தில் எழுப்பினால் திட்டுவார், திட்டு வாங்கிக்கொள். தற்கொலை அபாயம் இருப்பதாகக் குறிக்கப்பட்ட அறையில் இன்னும் கவனம். பதினைந்து நிமிடத்துக்கு மேல் இடைவெளி விடக்கூடாது என்று விதி இருக்கிறது என்றால், சரியாகப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை போவதும் தவறுதான், ஏனென்றால் உள்ளே இருப்பவர் அந்தக் கணக்கைப் பிடித்துவிடுவார். ஒருமுறை ஏழு நிமிடம், ஒருமுறை பதினொன்று, உடனே இன்னொருமுறை என்று மாறி மாறிப் போக வேண்டும். பதிவேட்டில் 1.00, 1.15, 1.30, 1.45 என்று வரிசையாக ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதியிருந்தால் அனுபவமுள்ள ஆய்வாளருக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிடும், அந்த ராத்திரி யாரும் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை என்று. இதையெல்லாம் பழைய ஆள் ஒருவரோடு கூடவே நடந்து பழகினால்தான் வரும்.

அடுத்து, என் துறைக்குள் வருகிற விஷயம். விசாரணைக் கைதிகள் வந்து இறங்கும் சிறைகளில் முதல் சில மணி நேரமும் முதல் சில நாட்களும்தான் ஆபத்து. வெளியிலிருந்து நேராக வருகிறார். குடித்திருக்கலாம், ஏதாவது விழுங்கியிருக்கலாம், அவமானத்தில் உடைந்துபோயிருக்கலாம். தடுமாறி உளறுகிறவரைக் குடிகாரன் என்று ஒதுக்கிவிட்டால், அது சர்க்கரை அளவு விழுந்ததாக இருக்கலாம், தலையில் அடிபட்டதாக இருக்கலாம். தினமும் குடிப்பவர் திடீரென்று குடியை நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் நடுக்கம், வலிப்பு, பிரமை என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம், அதை 'நடிக்கிறான்' என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு வருவது பயிற்சி இல்லாதவர் செய்வது. முரண்டு பிடிப்பவரை அடக்குவதும் அப்படித்தான். குப்புறப் படுக்கவைத்து முதுகில் ஏறி அமுக்கினால் மூச்சுத் திணறும். 'மூச்சு விட முடியல' என்று கத்துகிறாரே, கத்த முடிகிறதென்றால் மூச்சு இருக்கிறதுதானே என்று வகுப்பில் ஒருவர் கேட்டார். பேச முடிவதால் போதுமான மூச்சு இருக்கிறது என்று அர்த்தமில்லை, கைவிலங்கு மாட்டியவுடன் பக்கவாட்டில் திருப்பு அல்லது உட்காரவை. இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும், கைக்குப் பழக்கமாக ஒரு முழு மதியம் வேண்டும்.

ஒரு சின்ன விஷயம், புதியவர்கள் யாரும் இதை நம்ப மாட்டார்கள். உங்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் சண்டைக்காரன் இல்லை, மரியாதையாகப் பேசுகிறவர். 'சார், இந்தக் கடிதத்தை மட்டும் வெளியில் போட்டுடுங்க.' போட்டுவிட்டால் அடுத்த வாரம் ஒரு சிகரெட், அதற்கடுத்து ஒரு போன், மறுத்தால் 'அந்தக் கடிதத்தை மேலே சொல்லட்டுமா?' இப்படி முதல்முறை ஏதாவது கேட்கும்போதே மேலதிகாரியிடம் போய்ச் சொல்லிவிடுங்கள் என்று முதல் நாளே சொல்லிவைத்தால் எத்தனையோ பேருடைய வேலை தப்பும்.

முதல் நாள் என்ன சொல்கிறார்கள் என்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1971இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடந்த போலிச் சிறைச் சோதனை இருக்கிறது. மாணவர்களைக் காவலர், கைதி என்று பிரித்து இரண்டு வாரம் நடத்தத் திட்டமிட்டு ஆறே நாளில் நிறுத்தினார்கள். சீருடை மாட்டினாலே மனிதன் கொடூரமாகிவிடுவான் என்பதற்கு அதை ரொம்ப காலம் சான்றாகச் சொன்னார்கள். பின்னால் ஒலிப்பதிவுகளையும் ஆவணங்களையும் பார்த்தவர்கள் வேறு ஒன்றைக் கவனித்தார்கள்: அடிக்கக்கூடாது என்று தடை இருந்தாலும், கைதிகளுக்குச் சலிப்பும் பயமும் வர வேண்டும் என்று காவலர்களுக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது, மென்மையாக இருந்த ஒருவரை இன்னும் கறாராக இருக்கும்படி தூண்டவும் செய்தார்கள். என்னைக் கேட்டால் அது மனித சுபாவத்தைப் பற்றிய சோதனை என்பதைவிட, மோசமான அறிமுகப் பயிற்சி என்ன செய்யும் என்பதற்கான சோதனை.

இன்னொன்று, பயிற்சி என்றவுடன் சீருடைக்காரர்களை மட்டும் நினைக்கிறோம். சமையல் மேற்பார்வையாளர், எழுத்தர், நர்ஸ், ஆசிரியர், குழாய் ரிப்பேருக்கு வரும் ஒப்பந்தக்காரர் எல்லாருமே உள்ளேதான் நடமாடுகிறார்கள். ஒப்பந்தக்காரர் விட்டுச்சென்ற ஒரு ஸ்க்ரூடிரைவருக்காக மொத்த பிளாக்கையும் பூட்டிச் சோதனை போட வேண்டி வரும்.

வேலைக்குச் சேரப்போகிறவர்கள் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்: நான் யாரோடு, எத்தனை ஷிப்ட் கூட நடக்கப்போகிறேன், எப்போதிலிருந்து தனியாக நிற்க வேண்டும், தூக்கில் தொங்குகிறவரை அறுத்து இறக்கும் கத்தி எந்த அலமாரியில் இருக்கிறது, அந்த அலமாரியின் சாவி இரவில் யாரிடம் இருக்கும்.